சிவப்பு விளக்கு எரியுது… இருமிடாதீங்க!

சத்தம் போடாமல் வாங்க. இந்தக் கனத்த கதவைத் தாண்டினால் ஹாடினாட் ஹால். வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில், மில்லேனியம் சென்டர் கட்டடத்துக்குள் 2009-ல் திறந்த அரங்கம் இது. பிபிசியின் வேல்ஸ் தேசிய இசைக்குழுவுக்குச் சொந்த வீடு. ‘டாக்டர் ஹூ’ என்ற தொலைக்காட்சித் தொடரில் நீலப் பெட்டி ஒன்று கிரகம் விட்டுக் கிரகம் தாவும்போது நமக்கு மயிர்க்கூச்செறிகிறதே, அந்த ஆர்க்கெஸ்ட்ரா இசையை வாசிக்கிறவர்கள் இவர்கள்தான். ஒலிப்பதிவு எப்படி நடக்கிறது என்று ஓரமாக நின்று பார்க்கப் போகிறோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

முதலில் கண்ணில் படுவது சாமான்கள்தான். வாய் பிளந்து கிடக்கும் வயலின் பெட்டிகள், நாற்காலி முதுகில் தொங்கும் ஸ்வெட்டர்கள், காலடியில் தண்ணீர் பாட்டில்கள், தரை முழுக்க மைக் வயர்கள். ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு ஒரு பென்சில். பேனா ஆகாது. ‘இந்த இடத்தில் இன்னும் மெல்ல’ என்று நடத்துநர் சொன்னதும் தாளில் குறிக்க வேண்டும், அடுத்த டேக்கிலேயே அதை அழிக்கவும் வேண்டிவரும். அதோ, ஹார்ன் வாசிப்பவரைப் பாருங்கள்! குழாயின் ஒரு துண்டைக் கழற்றித் தலைகீழாக உதறுகிறார். ஊதிய மூச்சு உள்ளேயே குளிர்ந்து நீராகிச் சொட்டுச் சொட்டாய்த் தரையில் விழுகிறது. விண்வெளிப் படையெடுப்புக்கு முழங்குகிற கம்பீரமான குழாய்க்குள் இத்தனை ஈரம்!

தலையில் ஹெட்போன், ஆனால் பலருக்கு ஒரு காது மூடியிருக்கும், ஒரு காது திறந்திருக்கும். மூடிய காதில் ‘டிக் டிக்’ என்று தாளம் காட்டும் கிளிக். திறந்த காதில் பக்கத்து நாற்காலியின் வாசிப்பு. காட்சியில் கதவு உடைகிற அதே கணத்தில் டிரம் விழ வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. இதில் பெரிய வேடிக்கை, படத்தின் மேல் கண் வைத்திருப்பது நடத்துநர்தான். மற்றவர்களின் கண் தாளில். எந்த அரக்கன் வருகிறான் என்று தெரியாமலேயே அவனுக்கு முழக்கம் கொடுப்பார்கள்!

அடுத்து மூச்சைப் பிடியுங்கள். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது, பதிவு ஓடுகிறது. கடைசிச் சுரம் அரங்கின் சுவர்களில் மோதிக் கரைகிறவரை வில்லைக்கூட இறக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து ஒரு நாற்காலி கிறீச்சிட்டால் போச்சு! ஒருவர் சிரிக்க, வரிசையே சிரிக்க, மறுபடி முதலிலிருந்து. அந்த இரண்டாம் டேக்கில் தோள்களின் இறுக்கம் போய் வில்கள் இன்னும் தாராளமாக ஓடும்.

வில்கள் ஓடுவது என்றதும் ‘ஐ ஆம் தி டாக்டர்’ நினைவுக்கு வருகிறது. தொடரின் நாயகன் டாக்டராக மேட் ஸ்மித் நடித்தபோது, அவருக்காக 2010-ல் இசையமைப்பாளர் மர்ரே கோல்ட் போட்ட மெட்டு. நான்கு நான்காக இல்லாமல் ஏழு ஏழாக ஓடும். மிஸ்ர சாபு தாளம் கேட்டு வளர்ந்த காதுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். கேட்கிற நமக்குக் கொண்டாட்டம், ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப இழுக்கிற தந்திக்கருவிக்காரர்களுக்கு மணிக்கட்டில் வியர்வை!

2005-ல் தொடர் மறுபிறவி எடுத்தபோது இந்தக் கூட்டமெல்லாம் இல்லை. கணினியில் இருந்த வாத்திய ஒலிகளை அடுக்கியே கோல்ட் ஓர் இசைக்குழுவை எழுப்பினார். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தில்தான் நிஜ வில்லும் நிஜ மூச்சும் வந்தன. அவருடைய மெட்டுகளை வாத்தியம் வாத்தியமாகப் பிரித்து எழுதி, முன்னால் நின்று நடத்தியவர் பென் ஃபாஸ்டர்.

இன்னும் பின்னால் போவோமா? 1963, லண்டன் மைடா வேல், பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப். தொடரின் தொடக்க இசைக்காக இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் தந்த சின்னக் குறிப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு டெலியா டெர்பிஷயர் டேப்பை வெட்டி வெட்டி ஒட்டுகிறார். மீட்டிய ஒற்றைத் தந்தியின் ஒலி, ஆஸிலேட்டர் என்ற மின்கருவியின் ஊளை. வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். எங்கோ ஒரு சுரம் இடறியது. உடனே அவரும் உதவியாளர் டிக் மில்ஸும் டேப்புகளை நீண்ட நடைக்கூடத்தில் பக்கம் பக்கமாக விரித்துப் போட்டு, ஒட்டுகள் எங்கே வரிசை தப்புகின்றன என்று நடந்தே தேடினார்கள்! முடிந்ததைக் கேட்ட கிரெய்னருக்கு இது தன் மெட்டுதானா என்றே சந்தேகம் வந்துவிட்டதாம். டெலியாவின் பெயர் தொடரின் திரையில் வர 2013 ஆகிவிட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

அந்த நடைக்கூடத்து மெட்டை 2010-ல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இந்தக் கார்டிஃப் குழுவே முழங்கியது. அரக்கர்கள் ரசிகர்களுக்கு நடுவே நடந்து வர, பிள்ளைகள் அலற, ரப்பர் முகமூடிக்குள் நடிகர்கள் வேர்த்து வழிய, மேடையில் வில்கள் பறந்தன.

தொடரில் பாதி இசை வெடிச்சத்தத்துக்கும் வசனத்துக்கும் அடியில் புதைந்துபோகும். அதனால்தான் தனி ஆல்பங்களைக் கேளுங்கள் என்கிறேன். மறுபிறவி எடுத்த தொடரின் முதலாவது ஆல்பம் 2006-லேயே வந்துவிட்டது. வேற்றுக் கிரகத்து ஒலி என்று நாம் நம்பியதெல்லாம் விரலும் உதடும் பிளேடும் டேப்பும் சேர்ந்து செய்தவை. அது தெரிந்தபின் சிலிர்ப்பு இரட்டிப்பாகிறது. இன்றைக்கே ‘ஐ ஆம் தி டாக்டர்’ போடுங்கள், ஏழு எண்ணுங்கள், ஹார்ன்கள் நுழையும்போது வால்யூமைத் தைரியமாகக் கூட்டுங்கள்!