கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள்

வருடத்தில் இரண்டே நாள்தான் எங்கள் மளிகைக் கடைக்கு விடுமுறை. ஒன்று மாட்டுப் பொங்கல். மற்றொன்று மே 5, வணிகர் தினம். 1983-இல் தொடங்கிய இந்த நாளில் மாநாட்டுக்குப் போய்த் திரும்பியதும், மாலையில் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்ததும் உண்டு. சங்கத்து நண்பர்கள் மன்னிக்க வேண்டும். கடையில் வேலை செய்பவருக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. முதலாளிக்கு விடுமுறை தருவது யார்? அவர் வீட்டம்மாதான் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் கேட்டது மகள். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, "அப்பா, என் சினேகிதி குடும்பத்தோடு இத்தாலி போயிருக்கிறாள்" என்று செல்போனில் படங்களைக் காட்டினாள். ரோம், வெனிஸ், தட்டு நிறைய பாஸ்தா. டிக்கெட்டும் விசாவும் ஒரு பக்கம் இருக்கட்டும், பத்து நாள் கடையைப் பூட்டினால் பதினோராம் நாள் நம் வாடிக்கையாளர் வேறு கடையில் பற்று எழுதிக்கொண்டிருப்பார் என்ற கணக்குத்தான் மனதில் ஓடியது. அதைச் சொன்னதும் மகள் பேசாமல் போய்விட்டாள். "இத்தாலி கிடக்கட்டுங்க, சிதம்பரமாவது போகலாமா?" என்று கேட்டது வீட்டம்மா.

அது சுருக்கென்று தைத்தது. செம்மங்குப்பத்திலிருந்து சிதம்பரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். எங்கள் அப்பா ஒவ்வொரு மார்கழியிலும் "இந்த வருடம் ஆருத்ரா தரிசனம் பார்த்துவிட வேண்டும்" என்பார். மார்கழியில் வியாபாரம் சூடாக இருக்கும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார். நாற்பது வருடம் அப்படியே கழிந்து, பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

எனவே தேதி குறித்தோம். சிப்காட் தொழிலாளர்கள் சம்பளம் வாங்கி முதல் பத்து நாளில் சாமான் வாங்கி முடித்துவிடுவார்கள். இருபதுக்கு மேல் கல்லா காற்று வாங்கும். அதில் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள். "குடும்பத்துடன் வெளியூர் செல்வதால் கடை விடுமுறை" என்று அட்டையில் எழுதி ஒட்டியபோது, ஏதோ குற்றம் செய்வதுபோல் கை நடுங்கியது என்றால் நம்புவீர்களா? பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து, "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

முதல் நாள் வாடகைக் காரில் வடக்கே புறப்பட்டோம். ஊரிலுள்ள இரயில்வே கேட் மூடியிருந்தது. 2025 ஜூலை 8-ஆம் தேதி காலையில் பள்ளி வேன் மீது இரயில் மோதி மூன்று பிள்ளைகள் உயிரிழந்த இடம். இரயில் கடந்து போகும்வரை காருக்குள் யாரும் பேசவில்லை.

இத்தாலி கேட்ட மகளுக்கு இத்தாலியைக் காட்டலாம் என்று அவளை அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போனோம். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே பார்க்க அதிகமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மரங்கள், மேடு, பழைய செங்கல் சுவர். ஆனால் 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்பு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துச் சரக்கு. செய்தவர் பெயரை முத்திரையாகக் குத்தி அனுப்பியிருக்கிறார்கள். அந்த முத்திரையை வைத்தே தென்னிந்தியாவின் பல பழைய இடங்களுக்குக் காலம் கணிக்க முடிந்தது என்றால், பிராண்டு பெயருக்கு உள்ள ஆயுளை நம்மவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்த்தோம். கூர்மையான அடி கொண்ட ஆம்போரா என்னும் ஜாடிகளின் துண்டுகளும் அவற்றில் உண்டு. இவற்றில் பெரும்பாலும் திராட்சை மது வந்தது. சிலவற்றில் ஆலிவ் எண்ணெயும், மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த கரும் என்ற சாறும் வந்தன. எங்கள் அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று கவனமாகப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, காலி ஜாடியைத் திருப்பி எடுத்துக்கொண்டானா, இல்லை ஜாடிக்கும் சேர்த்து விலை வைத்தானா?" என்றார். ஐம்பது வருடம் கடையில் எண்ணெய் டின் எண்ணியவர் கேட்கும் கேள்வி அது. இவ்வளவு ஜாடி இங்கேயே உடைந்து கிடக்கிறது என்றால், திருப்பி எடுக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

மதியம் மகளின் விருப்பப்படி இத்தாலி உணவு. அம்மா பீட்சாவில் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "தக்காளித் தொக்கு தடவிய ரொட்டி" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தக்காளியே இத்தாலிக்குச் சொந்தமில்லை என்று மகள் விளக்கினாள். கொலம்பசுக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நம் மிளகாயும் அப்படி வந்ததே. அதற்கு முன் காரத்துக்கு நமக்கு மிளகுதான். அதைத்தான் ரோமாபுரிக்காரன் கப்பல் கட்டி வந்து வாங்கிப் போனான். எங்கள் கடையில் மிளகு, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே தராசில் ஏறுகின்றன. இதையெல்லாம் இத்தனை வருடம் யோசித்ததில்லை.

மறுநாள் ஆலப்பாக்கத்தில் பாசஞ்சர் இரயில் ஏறினோம். புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அப்புறம் சிதம்பரம். ஜன்னலோரத்துக்கு மகளும் அம்மாவும் போட்டி போட்டார்கள்.

கோயிலைப் பற்றி நாங்கள் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொன்னம்பலத்தின் முன் நின்றபோது அம்மா அழுதார்; அப்பாவை நினைத்துக்கொண்டார் என்று தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. நடராசரைத் தரிசித்து அதே இடத்திலிருந்து திரும்பினால் கோவிந்தராசப் பெருமாளையும் சேவிக்கலாம் என்பது இந்தக் கோயிலின் சிறப்பு. கோபுர வாயில்களில் உள்ள 108 கரணச் சிற்பங்களை மகள் ஒவ்வொன்றாகப் படமெடுத்தாள். கிழக்குக் கோபுரத் திருப்பணியில் பச்சையப்ப முதலியாரின் பங்கு உண்டு. நாற்பது வயதிலேயே, 1794-இல் மறைந்த வணிகர். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் வட்டிக்கடை, வங்கித் தொழில் செய்த குலத்தவரே. இவர்களெல்லாம் எப்போது கடையைப் பூட்டினார்களோ!

சாப்பாட்டுக்கு வருவோம். சிதம்பரத்தில் சம்பா சாதமும் கொத்சும் சாப்பிடாமல் வருவது பாவம். மிளகும் சீரகமும் நெய்யில் வறுத்துப் பொடித்துச் சாதத்தில் கலந்தால் சம்பா சாதம். கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளி விட்டு, கொத்தமல்லி விதையும் மிளகாயும் வறுத்து அரைத்துச் சேர்த்தால் கொத்சு. நடராசருக்கு நைவேத்தியமாகும் இந்த ஜோடியில், கொத்சு மட்டும் ஓட்டல்களில் இட்லிக்குத் துணையாகிவிட்டது. நாங்கள் சாப்பிட்ட சிறிய மெஸ்ஸில் முதலாளியே வாளியோடு நின்று பரிமாறினார். மூன்றாம் முறை கொத்சு கேட்டபோதும் முகம் சுளிக்கவில்லை. பணம் கொடுக்கும்போது, "நீங்கள் எப்போது லீவு போட்டீர்கள்?" என்று கேட்டோம். "கல்யாணமான வருடம் திருப்பதி போனோம்" என்று சிரித்தார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாளின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சதுப்புநிலக் காடு. துடுப்புப் படகில் உட்கார்ந்து கால்வாய்க்குள் நுழைந்ததும் வெயில் நின்றுவிட்டது. இரு கரையிலும் சுரபுன்னையின் வேர்கள் வலை பின்னியதுபோல் நீரில் இறங்கி நிற்கின்றன. தில்லை மரத்தைக் காட்டிய படகோட்டி, "தொடாதீர்கள், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து" என்று எச்சரித்தார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான். 1975-இல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' இங்கே படமானது என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இந்தக் காட்டின் பின்னால் இருந்த குப்பங்கள் பெரும் சேதத்திலிருந்து தப்பின. கடலூர்க் கரையில் அன்று நடந்ததை அறிந்த நமக்கு அதன் மதிப்பு தெரியும்.

கரைக்கு வந்ததும் மகளுக்கு ஒரு தொப்பி. கடைக்காரர் சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரம் தொடங்கினோம். "நம் கடையில் யாராவது இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று வீட்டம்மா காதருகே கேட்டது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தோம். மதியம் நண்டு வறுவலும் இறால் தொக்கும், அம்மாவுக்குத் தயிர்சாதம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்தோம். வழக்கமாகப் பால் வாங்குபவர் மூன்று நாள் வேறு கடையில் வாங்கியதாகக் கோபித்துக்கொண்டே இரண்டு பாக்கெட் எடுத்துப் போனார். பற்று நோட்டில் ஒரு பெயரும் குறையவில்லை. கல்லாப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்த அம்மா, வந்தவர்களிடமெல்லாம் சம்பா சாதத்தின் செய்முறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணிக்குள் மிளகும் சீரகமும் டப்பாவில் பாதிக்கு இறங்கிவிட்டன. சுவரில் மாட்டிய நாட்காட்டியில் மார்கழித் திருவாதிரை எந்தத் தேதியில் வருகிறது என்று மகள் தேடிக்கொண்டிருந்தாள்.