மலிவு அரிசியும் சன்னலோர அணிலும்

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது கடைக்காரரின் கணக்கு. சமையலறையின் கணக்கு வேறு. அரிசி வண்டு பெரும்பாலும் நாம் வாங்கும் அரிசியோடேயே வீட்டுக்கு வருகிறது. பெண் வண்டு அரிசி மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. நம் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முழு வண்டாக வெளியேறும். ஆகவே மூட்டையாக வாங்குகிறவர் கெட்டுப்போவதையும் விலையில் சேர்க்க வேண்டும். ஐம்பது ரூபாய்ச் சலுகையை இரண்டு கிலோ இழப்பு விழுங்கிவிடும். பழைய அரிசி தீராமல் புதியதை அதன்மேல் கொட்டுவது இன்னும் மோசம். ஆண்டுக்கு இருமுறை கேக் சுடும் எங்கள் வீட்டில் மைதா அரைக் கிலோவைத் தாண்டுவதில்லை. எப்படியும் கொஞ்சம் வண்டு விழத்தான் செய்கிறது. புடைத்து ஒதுக்கியதைச் சன்னலோரம் வைத்தால், அணில் வண்டைப் பொருட்படுத்தாமல் தின்றுவிடுகிறது.