ஊருக்கு ஓர் ஈரத்துணி

வடபழனியில் தார்ச்சாலை ஓரமாக நடந்தால் உடல் தகிக்கிறது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவில் நடந்தால் இதமாக இருக்கிறது. ஏன்?

கடற்காற்று ஒரு காரணம். நீரும் இலைகளும் மற்றொன்று. 30 டிகிரி செல்சியஸில் 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. ஏறக்குறைய 6 கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும்! அவ்வளவு வெப்பத்தையும் நீர் தன் சுற்றுப்புறத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தார்ச்சாலையில் ஆவியாக நீர் ஏது?

வெப்பமானிக் குமிழில் ஈரத்துணி சுற்றி, விசிறிப் பாருங்கள், அளவு இறங்கும். ஊருக்கு நீர்நிலைகளே அந்த ஈரத்துணி.

குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த இந்த 58 ஏக்கர், சீரமைக்கப்பட்டு 2011-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தூர்த்திருந்தால்? துணி உலர்ந்தே போயிருக்கும்!