‘பழையதே நல்லா இருந்தது’: அடுத்த வாக்கியம் என்ன?

2023 ஜனவரி 18 அன்று கணினியில் ஆங்கில விக்கிப்பீடியாவைத் திறந்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. கட்டுரைகள் அதே கட்டுரைகள்தான். பக்கம் மட்டும் வேறாக இருந்தது. 2010 முதல் பழகியிருந்த தோற்றத்தின் இடத்தில் ‘வெக்டர் 2022’ என்ற புதிய தோற்றம் வந்திருந்தது. உடனே உலகெங்கிலுமிருந்து கருத்துகள் வந்து குவிந்தன. ‘பழையதே நன்றாக இருந்தது’ என்பது அவற்றில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

இந்த வாக்கியம் நமக்குப் புதிதல்ல. நாம் நாள்தோறும் விவரம் பதியும் ஒரு தளமோ செயலியோ மாறும்போது, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வருவது இதுதான். பெரும்பாலும் அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. மாற்றியவர்களுக்கு அது போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் எதைத் திருத்துவது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

நான் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரைக் கிராமப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்கள் விக்கிப்பீடியாவை அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். 2017-இல் நம் மாநில ஆசிரியர்கள் பலர் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதப் பயிற்சி பெற்றதும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஆகவே, விக்கிப்பீடியாவின் மாற்றத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு தளத்தைப் பற்றிப் பயனுள்ள கருத்தைச் சொல்வது எப்படி, அதை மாணவர்களுக்குக் கற்பிப்பது எப்படி என்று பார்ப்போம்.

எவை மாறின? ஏன்?

முதல் மாற்றம், வரியின் நீளம். பழைய தோற்றத்தில் வரிகள் திரையின் அகலம் முழுக்க ஓடின. புதியதில் எழுத்துப் பகுதி ஒரு குறிப்பிட்ட அகலத்துடன் நின்று, இருபுறமும் வெற்றிடம் விடப்பட்டது. காரணம் எளிது. மிக நீண்ட வரியைப் படித்து முடித்த கண், அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் தடுமாறும். தொடக்கநிலைக் குழந்தைகள் வரிக்குக் கீழே விரல் வைத்துப் படிப்பதும், நாளிதழ்கள் செய்தியைப் பத்தி பத்தியாகப் பிரித்து அச்சிடுவதும் இதனால்தான். ஆங்கில அச்சுக்கலையில் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்துகள் வரை இருப்பது வசதி என்பது நெடுநாள் வழக்கம்.

இரண்டாவது, பொருளடக்கம். முன்பு அது கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. கீழே படிக்கப் படிக்க மேலே மறைந்துவிடும். இப்போது அது இடப்புறம் நின்று, நாம் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதைக் காட்டியபடி உடன் வருகிறது.

மூன்றாவது, தேடுபெட்டி. அது பெரிதாகி, தலைப்புகளுடன் சிறு படமும் ஒரு வரி விளக்கமும் காட்டத் தொடங்கியது. சோதனையின்போது தேடல்கள் 30 சதவீதம் கூடியதாக விக்கிமீடியா அறக்கட்டளை தெரிவித்தது.

நான்காவது, மொழித் தேர்வு. நமக்கு மிக முக்கியமானது இதுதான். முன்பு ஒரே தலைப்பில் பிற மொழிகளில் உள்ள கட்டுரைகளின் பட்டியல் இடப்பக்கத்தில் நீளமாக இருந்தது. கீழே சென்றால் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கண்ணால் பார்க்கலாம். இப்போது தலைப்பின் வலப்புறம் ஒரு பொத்தான் மட்டும் இருக்கிறது. எத்தனை மொழிகள் உள்ளன என்ற எண்ணிக்கை அதில் தெரியும். அதை அழுத்தினால்தான் பட்டியல் விரியும்.

வாசகர்கள் சொன்னதும் நடந்ததும்

இந்த மாற்றங்கள் ஒரே இரவில் வந்தவையல்ல. பிரெஞ்சு, ஹீப்ரு, பாரசீகம், பாஸ்க் போன்ற விக்கிப்பீடியாக்களில் 2020 முதலே முன்னோட்டம் நடந்தது. கருத்துக் கேட்கப்பட்டவர்களில் இந்திய வாசகர்களும் இருந்தார்கள். ஆனாலும் ஆங்கிலப் பதிப்பில் வந்தபோது எதிர்ப்பு வலுவாகவே இருந்தது. அதிகம் பேசப்பட்டது அந்த வெற்றிடம்தான். பெரிய திரை வாங்கியும் பாதி வீணாகிறது என்றார்கள் சிலர். அட்டவணைகளும் படங்களும் நெருக்கியடிக்கின்றன என்றார்கள் வேறு சிலர். கைப்பேசித் தோற்றத்தைக் கணினியில் ஒட்டியது போல இருக்கிறது என்றவர்களும் உண்டு. மொழிகளை ஒரு பொத்தானுக்குள் ஒளித்துவிட்டார்கள் என்ற குறையும் வந்தது.

பழைய தோற்றத்துக்கே திரும்ப வேண்டுமா என்று ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வத் தொகுப்பாளர்கள் விரிவாக விவாதித்தார்கள். திரும்ப வேண்டும் என்றவர்களே எண்ணிக்கையில் கூடுதல். ஆனால் விக்கிப்பீடியாவில் கைகளை எண்ணி முடிவெடுப்பதில்லை. காரணங்களின் வலுவைப் பார்த்து ஒருமித்த கருத்து உருவானதா என்றே பார்ப்பார்கள். அப்படி ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை என்ற முடிவுடன் விவாதம் நிறைவுற்றது. புதிய தோற்றம் நிலைத்தது.

அப்படியானால் கருத்துகள் எல்லாம் வீணா? இல்லை. எழுத்துப் பகுதியை அகலப்படுத்தும் பொத்தான் ஒன்று பக்கத்தின் மூலையில் இருந்தது. ஆனால் கணக்கில் உள்நுழையாத வாசகர் அதை அழுத்தினால், அடுத்த பக்கத்துக்குப் போனதும் மீண்டும் பழையபடி குறுகிவிடும். பயனர் கணக்கு உள்ளவர்கள் விருப்பத்தேர்வுகளில் பழைய தோற்றத்தையே வைத்துக்கொள்ள முடிந்தது. சாதாரண வாசகருக்கு அந்த வழி இல்லை. இது சுட்டிக்காட்டப்பட்ட பின், அவர்களின் தேர்வும் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் இருக்குமாறு மாற்றினார்கள். 2024-இல் எழுத்தின் அளவு, பக்கத்தின் அகலம், இருள் நிறப் பின்னணி ஆகியவற்றை வாசகரே தேர்ந்தெடுக்கும் பகுதியும் வந்தது. மூக்குக் கண்ணாடி வடிவப் பொத்தானை அழுத்தினால் அது திறக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ‘பிடிக்கவில்லை’ என்ற கருத்து தளத்தை மாற்றவில்லை. ‘நான் அகலப்படுத்தினேன், அடுத்த பக்கத்தில் அது மறந்துபோகிறது’ என்ற கருத்து மாற்றியது. முதலாவது ஓர் உணர்வு. இரண்டாவதில் செய்த செயலும், நடந்த விளைவும், எங்கே திருத்த வேண்டும் என்பதும் இருக்கின்றன.

எங்கள் ஆய்வகத்தில் பார்த்தது

மாணவர்களிடம் ‘இந்தப் பக்கம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், ‘நல்லா இருக்கு டீச்சர்’ என்பார்கள். ஆசிரியர் கேட்கும்போது வேறு என்ன சொல்வார்கள்! எனவே கருத்துக் கேட்பதற்குப் பதிலாகச் சிறு வேலைகளைக் கொடுத்தேன். ஆங்கில விக்கிப்பீடியாவின் மாமல்லபுரம் கட்டுரையைத் திறந்து வைத்து, இவற்றைச் செய்யச் சொன்னேன்:

1. கடற்கரைக் கோயில் எந்தப் பல்லவ மன்னர் காலத்தது என்று கண்டுபிடி.
2. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஆண்டைக் கண்டுபிடி.
3. இதே கட்டுரையைத் தமிழில் திற.
4. எழுத்தைப் பெரிதாக்கு.
5. இந்தப் பக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பார்.

இருவர் இருவராக அமர்ந்தார்கள். ஒருவர் சுட்டியைப் பிடிக்க, மற்றவர் எங்கே தயங்குகிறார், எதைத் தவறாக அழுத்துகிறார் என்று குறிப்பெடுத்தார். உதவி செய்யக் கூடாது. சொல்லிக் கொடுக்கவும் கூடாது. இணையதள வடிவமைப்பில் இதற்குப் பயன்பாட்டுச் சோதனை என்று பெயர். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஒரு தளத்தின் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்று இத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். எண்ணிக்கை பற்றி வாதம் உண்டு. ஆனாலும் ஒரு வகுப்பறையே போதுமான சோதனைக்கூடம் என்பது நமக்கு நல்ல செய்திதானே!

முதல் இரண்டு வேலைகளையும் பொருளடக்கத்தின் துணையால் எளிதாக முடித்தார்கள். கடற்கரைக் கோயில் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தது, ஆண்டு 1984 என்று விடைகள் வந்தன. மூன்றாவதில் பலர் நின்றுவிட்டார்கள். தலைப்புக்கு அருகே இருந்த மொழிப் பொத்தான் அவர்கள் கண்ணில் படவே இல்லை. ஒரு மாணவி சற்று நேரம் தேடிவிட்டு, ‘இது தமிழ்ல இல்ல டீச்சர்’ என்றாள்.

நான் அதிகம் யோசித்தது இந்த வாக்கியத்தைப் பற்றித்தான். ‘பொத்தான் தெரியவில்லை’ என்று அவள் சொல்லவில்லை. ‘தமிழில் இல்லை’ என்றே முடிவு செய்துவிட்டாள். தமிழில் எழுதியவர்களின் உழைப்பு ஒரு பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறது. தமிழில் படித்தால் நன்றாகப் புரிந்துகொள்ளும் குழந்தை இந்தப் பக்கம் இருக்கிறாள். தோற்றம் என்பது அழகைப் பற்றியது மட்டுமல்ல. யாருக்கு எது எட்டுகிறது என்பதைப் பற்றியதும்கூட.

நான்காவது வேலையில் இன்னொன்று தெரிந்தது. சிலர் விசைப்பலகையில் கன்ட்ரோலையும் பிளஸ்ஸையும் சேர்த்து அழுத்தி எழுத்தைப் பெரிதாக்கினார்கள். எழுத்து பெரிதாகப் பெரிதாக, இடப்புறம் இருந்த பொருளடக்கம் மறைந்து, தலைப்பருகே ஒரு சிறு குறியாகச் சுருங்கிவிட்டது. பார்வைக் குறைபாட்டால் எழுத்தைப் பெரிதாக்குபவருக்கு வழிகாட்டி காணாமல் போகிறது! இதை எந்தப் பெரியவரும் என்னிடம் சொன்னதில்லை.

சிற்பக்கூடத்தில் தந்தைக்கு உதவும் மாணவன் ஒருவன் கட்டுரையைப் படிக்கவே இல்லை. அர்ச்சுனன் தபசுப் படத்தைப் பெரிதாக்கும் வழியைத்தான் தேடினான். அவனுக்குப் படமே பாடம். தமிழ்க் கட்டுரையைத் திறந்தவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். ‘திருக்கழுக்குன்றத்திலிருந்து’ போன்ற நீண்ட சொல் வரியில் அடங்காமல் அடுத்த வரிக்குப் போக, மேல் வரியின் முடிவில் பெரிய இடைவெளி விழுகிறது. ஆங்கிலத்துக்கு வசதியான வரி நீளம் தமிழுக்கும் அப்படியே பொருந்துமா? இந்தக் கேள்வியைத் தமிழ் படிப்பவர்கள்தான் எழுப்ப முடியும்.

கருத்தை வகைப்படுத்துதல்

குறிப்புகளைக் கரும்பலகையில் மூன்று பத்திகளாகப் பிரித்தோம்.

உள்ளடக்கப் பிழை: எடுத்துக்காட்டாக, செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. ஏதேனும் ஒரு பக்கம் இன்னும் இப்பகுதி ஊரைக் காஞ்சிபுரம் மாவட்டம் என்று காட்டினால், அது உள்ளடக்கப் பிழை. விக்கிப்பீடியாவில் அதை நாமே சான்றுடன் திருத்தலாம்.

அமைப்புச் சிக்கல்: மொழிப் பொத்தான் தெரியாதது, பொருளடக்கம் மறைவது. இவற்றை நாம் திருத்த முடியாது. தளத்தை வடிவமைப்பவர்களிடம் சொல்ல வேண்டும்.

விருப்பம்: ‘வெள்ளையாக இருக்கிறது’, ‘கலர் வேண்டும்’. இவையும் மதிக்கத்தக்கவையே. ஆனால் ஒருவருடைய விருப்பம் இன்னொருவருக்குப் பொருந்தாது. ஆகவே எல்லாருக்குமாக மாற்றக் கேட்பதைவிட, தேர்ந்தெடுக்கும் வசதியைக் கேட்பது பொருத்தம்.

‘பழையதே நல்லா இருந்தது’ என்பதை எந்தப் பத்தியில் சேர்ப்பது? அதை அப்படியே விட்டால் மூன்றாவதில் விழும். ‘பழையதில் எதை எளிதாகச் செய்தாய்? இப்போது அது எங்கே தடைபடுகிறது?’ என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டாவதுக்கு வந்துவிடும். பழக்கம் மாறிய எரிச்சல் மட்டுமே என்றால், சில வாரங்களில் அது தானாகக் குறையும். தடை உண்மையானது என்றால், சில வாரங்கள் கழித்தும் அங்கேயே இருக்கும்.

ஐந்து வரிக் கருத்து

பிறகு ஒவ்வொரு இணையும் ஓர் அமைப்புச் சிக்கலை ஐந்து வரிகளில் எழுதியது: எந்தக் கருவியில் பார்த்தேன், என்ன செய்ய முயன்றேன், எங்கே இருக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, அதனால் என்ன இழந்தேன். ஒரு மாதிரி:

‘பள்ளிக் கணினியில் மாமல்லபுரம் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்தேன். அதைத் தமிழில் படிக்க விரும்பினேன். தமிழ் என்ற சொல் பக்கத்தில் எங்காவது தெரியும் என்று எதிர்பார்த்தேன். மொழிப் பொத்தானை நான் கவனிக்கவில்லை. தமிழ்க் கட்டுரை இல்லை என்று நினைத்து மூடிவிட்டேன்.’

இதில் கோபமும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. படிப்பவருக்கு எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது விளங்கிவிடும். தமிழ்ப் பாடத்தில் கடிதமும் விண்ணப்பமும் எழுதப் பழக்கும்போது இதையும் ஒரு பயிற்சியாகச் சேர்க்கலாம். தொடக்கநிலை வகுப்புகளில் எழுத்துக்குப் பதிலாக வாய்மொழியாகச் சொல்ல வைக்கலாம். இணையதளம்தான் வேண்டும் என்பதும் இல்லை. வகுப்பு நூலக அலமாரியை மாற்றி அடுக்கிவிட்டு இதே ஐந்து கேள்விகளைக் கேட்கலாம்.

எங்கே சொல்வது?

தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதங்களுக்கான இடத்தின் பெயர் ஆலமரத்தடி. ஊர்ப் பொதுவிஷயம் பேசும் இடத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தளத்தின் அமைப்பு பற்றிய கருத்தை அங்கே தமிழிலேயே எழுதலாம். தனிக் கட்டுரை பற்றியது என்றால் அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதலாம். மாணவர் பெயர், பள்ளி, கைப்பேசி எண் எதையும் குறிப்பிடக் கூடாது. ஆசிரியரே தொகுத்து எழுதுவது நல்லது. பிற தளங்களிலும் செயலிகளிலும் ‘கருத்து’ அல்லது ‘உதவி’ என்ற பகுதி பெரும்பாலும் இருக்கும். அங்கும் இதே ஐந்து வரிகள் பொருந்தும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இது பயன்படும். அடுத்த முறை நாம் பயன்படுத்தும் தளம் ஒன்று மாறி, குழுவில் ‘பழையதே நல்லா இருந்தது’ என்று ஒருவர் எழுதினால், ‘நீங்க என்ன செய்யப் பார்த்தீங்க சார்? எங்க நின்னுச்சு?’ என்று கேளுங்கள். வரும் பதில்களை ஒருவர் தொகுத்து உரிய இடத்துக்கு அனுப்பட்டும்.