மனைவி மாசமாயிருக்கா... கணவர் எங்கே?

பரிசோதனைக்கு மனைவியை அழைத்து வரும் கணவர்களில் பலர் உள்ளே வருவதே இல்லை. பைக் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கூப்பிட்டுக் கேட்டால், ‘அவ அம்மை வந்திருக்காங்கல்லா... அவங்ககிட்ட கேளுங்க ஐயா!’ என்று நழுவுவார்கள்.

வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நல்ல வழக்கம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆறேழு மாதமும் அவள் உங்கள் வீட்டில்தானே இருக்கிறாள்?

மனைவியின் ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். கறுப்பாகப் போவதில் பயப்பட ஒன்றுமில்லை. காபி, டீயோடு மட்டும் அதைப் போடக் கூடாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளிவிடுங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: முருங்கைக்கீரை மாத்திரைக்குக் கூடுதல் பலம், மாற்று அல்ல.

ரத்தப் பிரிவையும் கேளுங்கள். அவள் நெகடிவ், நீங்கள் பாசிடிவ் என்றால் ‘ஆன்டி-டி’ ஊசி பற்றி டாக்டரிடம் இப்போதே பேச வேண்டும். பிறக்கும் குழந்தை பாசிடிவாக இருந்தால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் அந்த ஊசி போட்டாக வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கதி, பீடி. கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரத்தில் மாசமாயிருக்கிற பெண்களும் மடியில் தட்டை வைத்துச் சுற்றுகிறார்கள். புகையிலைத் தூள் மூச்சிலும் போகும், கைத்தோல் வழியாகவும் நிகோடின் இறங்கும். குழந்தை எடை குறைந்து பிறக்க இதுவும் காரணமாகலாம். ‘நிறுத்து’ என்று சொல்வது சுலபம். அந்த வாரக் கூலியை யார் ஈடுகட்டுவது? நீங்கள்தான்! வேறு வழியே இல்லையென்றால் காற்றோட்டமான திண்ணையில் சுற்றட்டும். கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பிட வேண்டாம். தூள் மூட்டை படுக்கையறையில் இருக்கவே கூடாது. நீங்கள் வீட்டுக்குள் ஊதுவதும் அவளுக்குள்தான் போகிறது.

குற்றாலம் சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கிக் கொடுங்கள், சந்தோஷம். ‘சுகப்பிரசவ மூலிகை’, ‘ஆண் குழந்தை லேகியம்’ என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். எங்கள் முறையில் கர்ப்பிணிக்கு மருந்து உண்டு. அது மாதம் பார்த்து, ஆளைப் பார்த்துப் படித்த வைத்தியர் கொடுப்பது.

ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், முக வீக்கம், வலிப்பு, பனிக்குடம் உடைதல், குழந்தை அசைவு குறைதல் - இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வளைகுடாவில் இருக்கிற கணவர்களே, செக்கப் தேதி என்று, கூடப் போவது யார், ராத்திரியில் வண்டிக்கு என்ன ஏற்பாடு என்று போனிலேயே கேட்கலாமே!

தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை 2004-லேயே அனுமதித்தார்கள். மறைப்பு வசதி இருந்தால் கணவரும் இருக்கலாம் என்று 2016-ல் மத்திய அரசு சொன்னது. உங்கள் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். மத்திய அரசு ஊழியருக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. அதைப் பெயர் வைக்கும் விழாவுக்கென்று சேர்த்து வைக்காமல், பிரசவமான முதல் வாரமே எடுங்கள். ராத்திரி தூக்கமில்லாமல் அவள் தவிப்பது அப்போதுதான்.