இருதட மிகைப்பியில் தடப் பழுது

தடப் பழுது என்பது ஸ்டீரியோ எனப்படும் இருதட ஒலி மிகைப்பியின் ஒரு தடத்தில் மட்டும் ஒலி குறைதல், சிதைதல் அல்லது நின்றுபோதல் ஆகும். பழைய மிகைப்பிகளில் இது பரவலாகக் காணப்படுகிறது.

கண்டறியும் முறை

முதலில் ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு, இரு வெளியீடுகளிலும் நேர்திசை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட்டு இயல்பானது. பல வோல்ட்டு இருப்பின் வெளியீட்டுத் திரிதடையம் குறுக்குச்சுற்றாகியிருக்கலாம்; அங்கு இணைக்கப்படும் நல்ல ஒலிபெருக்கியின் சுருளும் எரிந்துவிடும்.

அளவு இயல்பாயின், ஒலிபெருக்கிக் கம்பிகளை மிகைப்பியின் முனைகளில் இடம் மாற்றவேண்டும். பழுது அதே ஒலிபெருக்கியில் நீடித்தால், அதுவோ அதன் கம்பியோ காரணம். மற்றதற்கு மாறினால், உள்ளீட்டு வடங்களை மிகைப்பியில் இடம் மாற்றவேண்டும். அப்போதும் பழுது இடம் மாறாவிடில் மிகைப்பியே காரணம்.

காரணங்கள்

அழுக்கடைந்த ஒலியளவுக் கட்டுப்படுத்தி, தேய்ந்த ரிலே தொடுமுனை, விரிசலுற்ற பற்றாசு ஆகியன பொதுவானவை. இரு தடங்களின் சுற்றும் ஒன்றே என்பதால் நல்ல தடத்தின் அளவுகளே ஒப்பீட்டுக்கு உதவும். ஓசூர், சாமல்பட்டி பகுதியினருக்கு உதிரிப்பாகங்கள் பெங்களூரு எஸ். பி. சாலையில் கிடைக்கும்.

எச்சரிக்கை

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.