பசுவின் சினைப்பை கற்றுத்தரும் பாடம்

கீமோதெரபி தொடங்கவிருக்கும் இளம்பெண்ணின் தாய், மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நோய் குணமான பிறகு என் மகளுக்குக் குழந்தை பிறக்குமா, டாக்டர்?” இக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதியை அறிவியலாளர்கள் பசுவின் சினைப்பையில் தேடி வருகின்றனர்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் சுமார் 10 லட்சம் கருமுட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றும் நுண்ணறை என்னும் சிறு உறைக்குள் உறங்குகிறது. பூப்பெய்தும் காலத்தில் 3 முதல் 4 லட்சமே எஞ்சும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ 400. புற்றுநோய் மருந்துகள் சிலவும் இடுப்புப் பகுதிக்கு அளிக்கும் கதிர்வீச்சும் இச்சேமிப்பை விரைவில் கரைத்துவிடக்கூடும்.

ஆகவே, சிகிச்சைக்கு முன்பே சினைப்பைத் திசுவை எடுத்து உறைநிலையில் காக்கும் முறை உருவாயிற்று. அவ்வாறு காத்த திசுவை மீண்டும் உடலில் பொருத்தியதன் பயனாக, 2004ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் ஒரு குழந்தை பிறந்தது. ஆனால் இரத்தப் புற்றுநோய் கண்டவர்களுக்கு இதில் ஓர் இடர் உண்டு: திசுவுடன் புற்றுச் செல்களும் உடலுக்குத் திரும்பிவிடலாம். அத்தகையோருக்காகவே, நுண்ணறைகளை ஆய்வகத்தில் வளர்த்து முட்டையை முதிரச் செய்யும் முயற்சி நடைபெறுகிறது.

இதற்குப் பசு ஏன்? மனிதத் திசு ஆய்வுக்கு அரிதாகவே கிடைக்கும். பெண்ணைப் போலவே பசுவும் ஒரு சுழற்சியில் பெரும்பாலும் ஒரே முட்டையை வெளியிடுகிறது. மேலும், இறைச்சிக்கூடங்களிலிருந்தே சினைப்பைகளைப் பெறலாம். ஆய்வுக்கென்று ஒரு மாட்டைக் கொல்ல வேண்டியதில்லை.

ஆய்வகத்தில் ஒரு தடை உண்டு. காற்றில் உள்ள ஆக்சிஜன் அளவு, சினைப்பைக்குள் இருப்பதைவிட மிக அதிகம். இரும்பு துருப்பிடிப்பதைப் போல, மிகுதியான ஆக்சிஜனேற்றம் செல்லின் கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் சிதைக்கிறது. இதைத் தடுக்கும் பொருள்களே ஆன்டிஆக்சிடன்டுகள். சோம்புக்கு மணம் தரும் அனெத்தோல், திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால், வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் போன்ற தாவரப் பொருள்கள் இத்தகைய வளர்ப்பு ஆய்வுகளில் சோதிக்கப்படுகின்றன. பிரேசிலின் சியாரா மாநில ஆய்வாளர்கள் அனெத்தோலை மாட்டு நுண்ணறைகளில் சோதித்துள்ளனர்.

இவ்வகை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உணர்த்துவது ஒன்றே: அளவே அனைத்தும். உரிய அளவில் காக்கும் பொருள், அளவு கூடினால் பயனற்றதாகலாம்; கெடுதலும் செய்யலாம். முட்டை நுண்ணறையை விட்டு வெளிவருவதற்கே சிறிதளவு ஆக்சிஜனேற்றம் தேவைப்படுகிறது. அதை முற்றிலும் அடக்குவதும் தவறே.

இங்குதான் அன்பர்கள் கவனம் கொள்ள வேண்டும். கிண்ணத்தில் ஒரு செல்லுக்கு உதவியது, மாத்திரையாக விழுங்கும்போது நோயாளிக்கு உதவும் என்று கொள்வதற்கில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் என்னும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது. புற்றுநோய் மருந்துகள் சில ஆக்சிஜனேற்றத்தின் வழியாகவும் புற்றுச் செல்களை அழிக்கின்றன. செறிவூட்டிய மூலிகைச் சாறுகள் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடும். சமையலில் சேரும் மஞ்சளும் சோம்பும் வழக்கம்போல் இருக்கட்டும். மாத்திரை, பொடி, சாறு எதுவாயினும் மருத்துவரைக் கேளாமல் வேண்டா.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 2018இல் எடின்பரோ ஆய்வாளர்கள், மனித சினைப்பையின் தொடக்கநிலை நுண்ணறைகளிலிருந்து முதிர்ந்த முட்டைகளை ஆய்வகத்திலேயே பெற்றனர். இம்முறையில் இதுவரை குழந்தை பிறக்கவில்லை. ஆயினும் இன்று உறைநிலையில் காக்கப்படும் திசு, இம்முறை கைகூடும் நாளில் பயன்படலாம்.

அதற்கு முதற்படி தங்கள் கையில் உள்ளது. முதல் கீமோதெரபிக்கு முன்பே கேளுங்கள்: இச்சிகிச்சை சினைப்பையைப் பாதிக்குமா? முட்டையையோ திசுவையோ சேமிக்க முடியுமா? அதற்கு நோய் கால அவகாசம் தருமா? பூப்பெய்தாத சிறுமிகளுக்குத் திசுவைச் சேமிப்பதே வழி. ஆதலால் பெற்றோரே இதைக் கேட்க வேண்டும். இதில் கூச்சத்துக்கு இடமில்லை. சிகிச்சை தொடங்கியபின் கேட்பதைவிட, தொடங்குமுன் கேட்பதே பயன் தரும்.